பெட்-சி.டி.யா, பெட்-எம்.ஆர்.ஐ.யா? டாக்டரிடம் கேளுங்கள்

புற்றுநோய்க்கு எடுக்கும் கூட்டு ஸ்கேன்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அணு மருத்துவத் துறை மருத்துவர்கள் இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

அம்மாவுக்கு 58 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் தெரிந்துவிட்டது. இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. இப்போது பெட்-சி.டி. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "அதெல்லாம் பழசு, பெட்-எம்.ஆர்.ஐ. இருக்கிற ஊருக்குக் கூட்டிப் போ" என்கிறார் சித்தப்பா. போகலாமா டாக்டர்?
– வாசகி, விருதுநகர்

அலைய வேண்டாம் அம்மா. எழுதிக் கொடுத்த பெட்-சி.டி.யையே எடுங்கள்.

இரண்டு ஸ்கேனிலும் 'பெட்' என்கிற பாதி ஒன்றேதான். குளுக்கோஸைப் போன்ற எஃப்.டி.ஜி. என்ற மருந்தில் ஃபுளோரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்துக் கையில் ஊசி போடுவார்கள். சர்க்கரையை அதிகம் இழுக்கும் செல்கள் இதையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் குளுக்கோஸை எரிப்பதுபோல இதை எரித்து முடிக்க முடியாது. மருந்து செல்லுக்குள்ளேயே தேங்கிவிடும். அது எங்கே எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதைத்தான் கருவி படம் பிடிக்கிறது. இந்தப் பக்கத்தில் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் இந்த இடத்துக்குத் திரும்பி வரவேண்டியிருக்கும்: படத்தில் ஒளிர்வது சர்க்கரை. அதைப் புற்றுநோய்தான் இழுத்ததா, வேறு ஏதாவது இழுத்ததா என்பது தனிக் கேள்வி.

மாறுவது கூட்டாளி மட்டும்தான். சி.டி. கூட்டாளி என்றால் வேகம். நுரையீரலில் உள்ள சின்னப் புள்ளி, எலும்பின் மேலோடு இதெல்லாம் தெளிவு. எம்.ஆர்.ஐ. கூட்டாளி என்றால் மென்சதையின் எல்லைகள் தெளிவு: மூளை, கல்லீரல், கர்ப்பப்பை, மலக்குடல், புராஸ்டேட். பெட்-சி.டி.யின் முதல் மாதிரிக் கருவியை டேவிட் டவுன்சென்டும் ரொனால்ட் நட்டும் உருவாக்க, 1998-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அது நோயாளிகளைப் படம் எடுக்கத் தொடங்கியது. முழு உடலையும் ஒரே நேரத்தில் எடுக்கும் பெட்-எம்.ஆர்.ஐ. வர 2010 ஆயிற்று. தாமதத்துக்குக் காரணம் எளிது. பழைய பெட் கருவிகளில் ஒளியைப் பெருக்கிக் கொடுத்த குழாய்கள் எம்.ஆர்.ஐ.யின் காந்தத்துக்குள் வேலை செய்யாது. காந்தத்தைத் தாங்கும் குறைகடத்தி உணரிகள் கைக்கு வந்த பிறகுதான் இரண்டையும் ஒரே கூட்டுக்குள் வைக்க முடிந்தது. 'புதுசு' என்பதன் பொருள் இவ்வளவுதான்.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருவோம். கட்டி கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் போயிருக்கிறதா, சிறுநீர்ப்பையைத் தொட்டிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. சொல்லிவிட்டது. பாக்கி இருப்பது நெறிகள், அதாவது நிணநீர்க் கணுக்கள். நோயின் கட்டத்தைச் சொல்ல சர்வதேச மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு வகுத்து 2018-ல் திருத்திய ஃபிகோ நிலைப் பகுப்பின்படி இடுப்பு நெறியில் நோய் இருந்தால் 3சி1 கட்டம், வயிற்றின் பெருந்தமனியை ஒட்டிய நெறியில் இருந்தால் 3சி2. ரேடியேஷன் கதிரை இடுப்போடு நிறுத்துவதா, வயிறு வரை ஏற்றுவதா என்பது இதை வைத்தே முடிவாகும். அதைப் பார்க்கப் பெட்-சி.டி. போதும். தனியாக எடுத்த எம்.ஆர்.ஐ.யும் தனியாக எடுத்த பெட்-சி.டி.யும் ஒரே மேசையில், ஒரே மருத்துவர் கண்ணில் பட்டால் பெட்-எம்.ஆர்.ஐ. சொல்லக்கூடியதில் ஏறக்குறைய எல்லாமே கிடைத்துவிடும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். எஃப்.டி.ஜி. சிறுநீரில் இறங்கும், நிறைந்த சிறுநீர்ப்பை விளக்குப்போல ஒளிர்ந்து பக்கத்தில் உள்ள கட்டியை மறைத்துவிடும். மேசையில் ஏறுவதற்குச் சற்று முன்னால் அம்மா கட்டாயம் சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். சில இடங்களில் நீர் பிரிய ஊசியும் போடுவார்கள்.

அப்பாவுக்கு 20 வருடமாகச் சுகர். இன்சுலினும் மெட்ஃபார்மினும் எடுக்கிறார். பெட் ஸ்கேனுக்குப் பட்டினியாகப் போனோம். சுகர் 268 என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இன்சுலின் போட்டுக் குறைத்துவிட்டு எடுங்கள்" என்றோம், மறுத்துவிட்டார்கள். ஏன்?
– வாசகர், ஈரோடு

மறுத்தது சரிதான் ஐயா. பட்டினியோடு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் வருத்தமாக இருக்கும். ஆனால் எடுத்திருந்தால் பணமும் கதிரும் வீணாகி, தவறான நம்பிக்கையும் வந்திருக்கும்.

ரத்தத்தில் சர்க்கரை நிறைய இருந்தால் கட்டிக்குள் நுழைய எஃப்.டி.ஜி. அதோடு போட்டி போடவேண்டும். கட்டி மங்கிவிடும். அதைச் சரிசெய்ய அங்கேயே இன்சுலின் போட்டால் இன்னும் மோசம். இன்சுலின், தசைகளின் கதவைத் திறந்துவிடும்; ஊசி மருந்தில் பெரும்பகுதி தொடைக்கும் தோளுக்கும் இதயத்துக்கும் போய்விடும். அப்படி எடுத்த படத்தைப் பார்த்தால் உடற்கூறு வகுப்புப் படம்போல ஒவ்வொரு தசையும் தனித்தனியாகத் தெரியும். நோய் இருக்கும் இடம் ஒளிரவே செய்யாது. "எங்கும் நோய் தெரியவில்லை" என்று ரிப்போர்ட் வரும். அதை நம்பக் கூடாது.

பொதுவாக 200-க்குள் இருந்தால் எடுப்பார்கள். சுகர்காரர்களுக்கு அதிகாலை நேரம் ஒத்துவராது. நண்பகல் நேரம் கேளுங்கள். காலை 6 மணிக்கு அளவான சிற்றுண்டி சாப்பிட்டு, விரைவில் வேலை செய்யும் இன்சுலினை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, அதன்பின் தண்ணீர் மட்டும் குடித்து 12 மணிக்குப் போனால் இன்சுலினின் வேகமும் தணிந்திருக்கும், சுகரும் ஏறியிருக்காது. குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும். பழைய வகை சாதா இன்சுலினுக்கு 6 மணி நேரம். 30/70 கலவை இன்சுலின் போடுகிறவர் காலை டோஸைப் பற்றி ஸ்கேன் மையத்திடமும் சுகர் டாக்டரிடமும் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். அதில் உள்ள மெதுவான பங்கு பகல் முழுக்க வேலை செய்யும்.

மெட்ஃபார்மின் குடலை ஒளிரவைக்கும். குடலில்தான் நோயைத் தேடுகிறார்கள் என்றால் 48 மணி நேரம் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், அதை நிறுத்தி சுகர் ஏறினால் பழைய இடத்துக்கே வந்து நிற்போம்.

மற்றபடி எல்லோருக்கும் பொதுவானது: முந்தைய நாள் ஓட்டம், வேக நடை, பாரம் தூக்குதல் வேண்டாம். இரவு சோறு, இட்லி, பழத்தைக் குறைத்து முட்டை, காய்கறி என்று முடித்துக்கொள்ளுங்கள். பட்டினி என்றால் காபி, டீ மட்டுமல்ல, மிட்டாய், இனிப்பு சேர்ந்த இருமல் சிரப், வெற்றிலை பாக்கு எதுவும் கூடாது. வெறும் தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். வார்டில் படுத்திருக்கும் நோயாளியைக் கூட்டி வருபவர்கள் கோட்டைவிடுவது டிரிப்பில்தான்: நோயாளி ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டார், கையில் குளுக்கோஸ் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். உப்புநீர் பாட்டிலுக்கு மாற்றச் சொல்லி முந்தைய இரவே நர்ஸிடம் சொல்லிவையுங்கள்.

ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் சும்மா படுத்திருக்க வேண்டும். பேசினால் குரல்வளை ஒளிரும், மென்றால் தாடைத் தசை ஒளிரும். ஏசி குளிரில் நடுங்கினால் கழுத்திலும் தோளிலும் உள்ள, உடலைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்து, நெறியோ என்று ஐயம் கிளப்பும். போர்வை கேட்டு வாங்கிப் போர்த்திக்கொள்ளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

என் கணவருக்கு வலது நுரையீரலில் புற்றுநோய், ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். பெட்-சி.டி.யில் நெஞ்சின் நடுவிலும் இரண்டு பக்கமும் நெறிகள் ஒளிர்கின்றன என்று ரிப்போர்ட் வந்ததும் "நான்காம் கட்டமாக இருக்கலாம்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பெட்-எம்.ஆர்.ஐ. எடுத்தால் உண்மை தெரியுமா?
– வாசகி, திருவண்ணாமலை

தெரியாது அம்மா. ஆனால் உண்மை தெரிய வழி இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு திருத்தம்: எதிர்ப்பக்க நெறியில் நோய் இருந்தால்கூட அது நான்காம் கட்டம் ஆகாது; மூன்றாம் கட்டத்துக்குள்தான் வரும். ஆனால் பொதுவாக ஆபரேஷனைக் கைவிட வைக்கும் அளவுக்குப் பெரிய விஷயம். ஆகவே அது உண்மையா என்று உறுதி செய்யாமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது.

நம் நாட்டில் நெஞ்சு நெறி ஒளிர்வதற்குப் புற்றுநோய்க்கு அடுத்து முதலில் நினைக்க வேண்டியது காசநோய். காசநோய்க் கிருமியைச் சூழ்ந்து நிற்கும் தற்காப்புச் செல்கள் சர்க்கரையைப் புற்றுநோய்ச் செல்லுக்கு இணையாக இழுக்கும். என்றோ வந்து ஆறியதும் ஒளிரலாம், இப்போது நோயாக இருப்பதும் ஒளிரலாம். ஒளிர்வின் அளவைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. காசநோய் நெறி புற்றுநோய் நெறியைவிடப் பளிச்சென்று தெரிவதும் உண்டு. பெட்-எம்.ஆர்.ஐ.யிலும் இழுப்பது அதே சர்க்கரை என்பதால் அதே குழப்பம்தான் வரும்.

சி.டி. பாதியில் சில தடயங்கள் கிடைக்கும். இரண்டு நுரையீரல் வேரிலும் சரிசமமாக நெறிகள் இருந்து, அவற்றுக்குள் சுண்ணாம்பு படிந்திருந்தால் புற்றுநோய் அல்லாதது என்ற பக்கம் சாயலாம். அதற்குமேல் போகக் கூடாது. அடுத்த படி, மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயை விட்டு அந்த நெறிகளை ஊசியால் உறிஞ்சி எடுப்பது. 'ஈபஸ்' என்று கேட்டால் தெரியும். எடுத்த திசுவைப் புற்றுநோய் செல் பரிசோதனைக்கு மட்டும் அனுப்பிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள்; காசநோய்க் கிருமிக்கான ஜீன் பரிசோதனைக்கும் கல்ச்சருக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலினில் போட்ட திசு கல்ச்சருக்கு உதவாது. ஆகவே எடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். ஒருவரிடமே புற்றுநோயும் காசநோயும் சேர்ந்து இருப்பதும் உண்டு என்பதால், ஒரு நெறியில் காசநோய் என்று வந்தாலும் சந்தேகமான மற்ற நெறிகளையும் பார்க்க வேண்டும்.

உறவினர்கள் சொல்வதை ஈபஸ் ரிசல்ட் வரும்வரை காதில் வாங்காதீர்கள். ஒளிர்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆபரேஷன் வாய்ப்பை யாரும் இழக்கக் கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கீமோவுக்கு முன் எடுத்த ஸ்கேனில் எஸ்.யூ.வி. 8.2. நான்கு கீமோவுக்குப் பின் வேறு மையத்தில் எடுத்தோம், 6.9. "நன்றாகக் குறைந்திருக்கிறது" என்று நினைத்தோம். டாக்டர் "மாற்றமில்லை" என்கிறார். எண் குறைந்திருக்கிறதே?
– வாசகர், தஞ்சாவூர்

எஸ்.யூ.வி. என்பது ஒரு விகிதம் ஐயா. கட்டியில் ஒரு மில்லி லிட்டருக்கு எவ்வளவு கதிரியக்கம் தேங்கியிருக்கிறது என்பதை, போட்ட மருந்தின் அளவை உடல் எடையால் வகுத்து வருவதோடு ஒப்பிடுகிறோம். மருந்து உடல் முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் எங்கும் 1 வரும். 8.2 என்றால் அந்தச் சராசரியைப்போல் 8 மடங்குக்குச் சற்று அதிகம்.

இந்த விகிதத்தை ஆட்டிவைக்கும் விஷயங்கள் நிறைய. ஊசி போட்டு 60 நிமிடத்தில் எடுத்தால் ஒரு எண், 90 நிமிடத்தில் எடுத்தால் பல கட்டிகளில் அதைவிடப் பெரிய எண். அன்றைக்குச் சுகர் கூடினால் எண் குறையும். எடையை நிறுத்துப் பார்க்காமல் நோயாளி சொன்னதை அப்படியே பதிந்தால் தவறும். ஊசி நாளத்தை விட்டு விலகி மருந்தில் கொஞ்சம் கையிலேயே கசிந்துவிட்டால், கணினி முழு அளவும் உள்ளே போனதாக நினைத்துக்கொண்டு கட்டியின் எண்ணைக் குறைத்துக் காட்டும். புதிய கருவிகளின் மென்பொருள் சின்னக் கட்டிகளின் உச்ச எண்ணைப் பழைய கருவியைவிட உயர்த்திக் காட்டும். ஒரே கருவியில், ஒரே நோயாளியை, சிகிச்சை எதுவுமின்றி இரண்டு முறை எடுத்தாலே 10 முதல் 15 சதவீதம் வேறுபடும். உங்கள் குறைவு 16 சதவீதம். பெர்சிஸ்ட் என்ற அளவுகோலின்படி 30 சதவீதமாவது குறைந்தால்தான் சிகிச்சைக்குக் கட்டி பணிந்தது என்பார்கள். உங்கள் டாக்டர் கவனமாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இரண்டு ரிப்போர்ட்டையும் நீங்களே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கல்லீரலின் எஸ்.யூ.வி. என்று போட்டிருப்பார்கள். நோயில்லாத கல்லீரல் நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. இரண்டு ஸ்கேனிலும் அது 20 சதவீதத்துக்குமேல் வேறுபட்டால் கட்டியின் எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. அடுத்த முறை முதல் மையத்திலேயே, அதே இடைவெளியில் எடுக்கச் சொல்லுங்கள். முதல் ஸ்கேன் பெட்-சி.டி.யாக இருந்தால் அடுத்ததைப் பெட்-எம்.ஆர்.ஐ.யில் எடுத்து எண்ணை ஒப்பிடுவது இன்னும் கூடாது. காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தவன் நான். பெட்-சி.டி. ரிப்போர்ட்டில் மூட்டைச் சுற்றி ஒளிர்வு, "உலோகத்தால் வந்த தோற்றமாக இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யோடு எடுத்தால் இது வராதா?
– வாசகர், நாகர்கோவில்

வேறு மாதிரி வரும்.

உடலின் ஆழத்திலிருந்து வரும் கதிரில் ஒரு பங்கு வெளியே வருவதற்குள் வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். எவ்வளவு போயிற்று என்று கணக்குப் போட்டுத் திருப்பிச் சேர்த்தால்தான் எண் சரியாக வரும். சி.டி. எக்ஸ்-ரே என்பதால் எந்தத் திசு எவ்வளவு உறிஞ்சும் என்பதை நேரடியாக அளந்துவிடுகிறது. ஆனால் உலோகத்தைப் பார்த்ததும் "இங்கே ஏராளமாக உறிஞ்சியிருக்கும்" என்று எண்ணித் திருத்தத்தை அள்ளிக் கொட்டும்; இல்லாத ஒளிர்வு உண்டாகும். பல்லில் உலோகம் அடைத்தவர்களுக்கு வாய்க்குள்ளும் இதே கதை.

எம்.ஆர்.ஐ.க்கு உறிஞ்சுதலை அளக்கும் வழியே இல்லை. காற்று, நுரையீரல், கொழுப்பு, தண்ணீர்ச்சத்துள்ள சதை என்று உடலை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பை ஒட்டுவதுதான் பழைய முறை. அதில் எலும்புக்கு இடமே இல்லை, சதைக் கணக்கில் சேர்த்துவிடும். ஆகவே எலும்பில் உள்ள கட்டியின் எஸ்.யூ.வி. குறைந்து தெரியும். புதிய கருவிகளில் எலும்பையும் மதிப்பிடும் முறைகள் வந்திருக்கின்றன. உலோகம் இருக்கும் இடமோ எம்.ஆர்.ஐ.யில் கறுப்புக் குழியாக விழும். கணினி அதைக் காற்று என்று நினைத்துத் திருத்தாமல் விடும். உண்மையான ஒளிர்வே மறைந்துபோகலாம். சி.டி. கூட்டிச் சொல்கிறது, எம்.ஆர்.ஐ. குறைத்துச் சொல்கிறது.

திருத்தம் செய்யாத மூலப் படமும் கருவியில் இருக்கும். அதிலும் ஒளிர்வு தெரிந்தால் உண்மை. திருத்திய படத்தில் மட்டும் தெரிந்தால் உலோகத்தின் வேலை. "திருத்தம் செய்யாத படத்தைப் பார்த்தீர்களா?" என்று ரிப்போர்ட் எழுதியவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

எங்கள் மகளுக்கு 9 வயது. ஹாட்ஜ்கின் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய். திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கதிர்வீச்சை நினைத்தால் தூக்கம் வரவில்லை.
– பெற்றோர், கோயம்புத்தூர்

பெட்-எம்.ஆர்.ஐ.க்காக அலைவதில் பொருள் இருக்கிறதென்றால் அது இங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள பெரியவருக்குச் சுமார் 6 மில்லி கியூரி எஃப்.டி.ஜி. போட்டால் உடலுக்குக் கிடைக்கும் கதிர் 4 மில்லி சீவர்ட்டுக்குச் சற்று அதிகம். இயற்கையிலிருந்து உலக மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைப்பது 2.4. கூட எடுக்கும் சி.டி. குறைந்த டோஸில் இருந்தால் மேலும் சில மில்லி சீவர்ட். படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து போட்டு முழுத் தரத்தில் எடுத்தால் 10-ஐத் தாண்டும். குழந்தைக்கு மருந்தை எடைக்கேற்பக் குறைப்பார்கள். பெட்-எம்.ஆர்.ஐ.யில் சி.டி.யின் பங்கு அப்படியே இல்லாமல் போகும். நான்கைந்து ஸ்கேன் எடுக்க வேண்டிய, நீண்ட ஆயுள் முன்னால் இருக்கிற குழந்தைக்கு இது சின்ன லாபம் அல்ல.

அந்தக் கருவி எட்டாத தூரத்தில் இருந்தால் மனம் உடைய வேண்டாம். "சி.டி.யைக் குறைந்த டோஸில் எடுங்கள், கான்ட்ராஸ்ட் சி.டி. ஏற்கெனவே எடுத்திருக்கிறோம்" என்று சொன்னாலே கதிரில் பெரிய பங்கு குறைந்துவிடும். சிகிச்சை நடுவில் எடுக்கும் ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள். தோவில் மதிப்பெண் என்று 1 முதல் 5 வரை போடுவார்கள். கட்டி கல்லீரலைவிட அதிகம் ஒளிரவில்லை என்றால் 3-க்குள். அதைத் தாண்டினால் 4, மிக அதிகமானாலோ புதிய இடத்தில் வந்தாலோ 5. இந்த ஓர் எண்ணைப் பார்த்து மருந்தைக் குறைக்கவோ ரேடியேஷனைத் தவிர்க்கவோ முடியும். ஸ்கேன் கதிருக்குப் பயந்து அதைவிடப் பல மடங்கு கதிரையும் மருந்தையும் பிள்ளைக்கு வாங்கித் தந்துவிடக் கூடாது.

எம்.ஆர்.ஐ.யில் ஒரு மணி நேரம்போல அசையாமல் படுக்க வேண்டும், சத்தமும் அதிகம். 9 வயதுக் குழந்தை பழக்கினால் படுத்துவிடும். மிகச் சிறியவர்களுக்கு மயக்க மருந்து தேவைப்படும். நுரையீரலில் சின்னப் புள்ளிகளை எம்.ஆர்.ஐ. விட்டுவிடும் என்பதால் நெஞ்சுக்கு மட்டும் தனியாகக் குறைந்த டோஸ் சி.டி. கேட்டால் மறுக்காதீர்கள்.

மார்பகப் புற்றுநோய், இரண்டாம் கட்டம், சிகிச்சை முடிந்து மூன்று வருடம். எந்தத் தொந்தரவும் இல்லை. மன நிம்மதிக்காக வருடம் ஒரு பெட் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, மதுரை

வேண்டாம் அம்மா. அறிகுறி இல்லாதவர்களுக்கு வழக்கமாகப் பெட் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2013-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. வருடாந்திர மேமோகிராமும் டாக்டரின் பரிசோதனையும் போதும். எடுத்தால் நிம்மதி வரும் என்பதற்கும் உறுதியில்லை: தைராய்டில் ஒரு புள்ளி, தடுப்பூசி போட்ட பக்க அக்குளில் ஒரு நெறி என்று எதையாவது காட்டும், அதைத் துரத்தவேண்டி வரும். விடாத முதுகுவலி, மூச்சுத்திணறல், தலைவலி வந்தால் உடனே போங்கள். அப்போது எடுக்கும் ஸ்கேனுக்கு மதிப்பு உண்டு.

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். போன் ஸ்கேன் (எலும்பு ஸ்கேன்) போதும் என்று ஒருவர், பி.எஸ்.எம்.ஏ. பெட் என்று இன்னொருவர். சாதா பெட் ஸ்கேன் மலிவாகக் கிடைக்கிறதே, அதை எடுத்தால் என்ன?
– வாசகர், திருச்சி

சாதா பெட், அதாவது எஃப்.டி.ஜி., இதற்குப் பொதுவாக உதவாது தம்பி. பெரும்பாலான புராஸ்டேட் புற்றுநோய் சர்க்கரைக்கு ஆசைப்படாது. ஹார்மோன் சுரக்கும் செல்களில் உண்டாகி மெதுவாக வளரும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளும், கல்லீரல் புற்றுநோயில் ஒரு பெரும் பகுதியும் இப்படித்தான். மலிவாக எடுத்த தவறான ஸ்கேன்தான் கடைசியில் அதிகச் செலவு வைக்கும்.

பி.எஸ்.எம்.ஏ. என்பது புராஸ்டேட் செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதம். அதில் போய் ஒட்டும் மருந்தோடு காலியம்-68 என்ற அணுவைச் சேர்த்துப் போடுவார்கள். இதற்குப் பட்டினி தேவையில்லை. காலியம் 68 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் அதைச் சுரக்கும் ஜெர்மேனியம் ஜெனரேட்டரை மருத்துவமனையிலேயே வைத்துக்கொள்ளலாம், கதிரியக்க அணுக்களை உண்டாக்கும் சைக்ளோட்ரான் என்ற பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் அதிக ஆபத்துள்ள புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 302 பேரிடம் ஒப்பிட்டு 2020-ல் வெளியான ஆய்வில், பரவலைக் கண்டறிவதில் பி.எஸ்.எம்.ஏ. பெட்-சி.டி.யின் துல்லியம் 92 சதவீதம், சி.டி.யும் போன் ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம்தான். முடிந்தால் இதையே எடுங்கள்.

பி.எஸ்.எம்.ஏ.யும் ஏமாற்றும். எச்சில் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடல் எல்லோருக்கும் ஒளிரும். வயிற்றின் நரம்பு முடிச்சுகளும் லேசாக ஒளிர்ந்து நெறிபோலத் தோன்றும். ஃபுளோரின் சேர்த்த 1007 என்ற வகையில் விலா எலும்பில் ஒன்றிரண்டு மங்கலான புள்ளிகள் வருவது சகஜம்; மற்றபடி பரவல் இல்லாதவருக்கு அதை மட்டும் வைத்து எலும்பில் பரவிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

இது கிடைக்காத இடத்தில் போன் ஸ்கேன் எடுத்தால், சந்தேகமான இடத்துக்கு ஸ்பெக்ட்-சி.டி.யும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். இதுவும் கூட்டு ஸ்கேன்தான். தட்டையான போன் ஸ்கேனில் முதுகெலும்பில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் தெரியும். ஸ்பெக்ட்-சி.டி.யில் அது எலும்பின் உடலில் இருக்கிறதா, வயதானவர்களுக்குத் தேய்ந்துபோகும் பின்பக்க மூட்டில் இருக்கிறதா என்று பிரிந்து தெரியும். பின்பக்க மூட்டில் இருந்தால் பெரும்பாலும் தேய்மானமே.

தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. போய்விட்டதா என்று உடனே பார்த்துவிடலாமா?
– வாசகர், வேலூர்

பொறுங்கள். ரேடியேஷன் பட்ட திசு புண்ணாகி ஆறுகிற காலத்தில் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். 12 வாரம் கழித்து எடுங்கள். பிரிட்டனில் 564 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் பெட்-சி.டி. எடுத்துத் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் கழுத்து ஆபரேஷன் செய்தபோது, எல்லோருக்கும் ஆபரேஷன் என்று திட்டமிட்ட குழுவுக்கு இணையாகவே நோயாளிகள் பிழைத்தார்கள். ஆபரேஷன் எண்ணிக்கை 221-க்குப் பதில் 54. அவசரப்பட்டு 5-வது வாரத்தில் எடுத்தால் இந்த லாபம் கிடைக்காது. கீமோ மட்டும் என்றால் கடைசி டோஸிலிருந்து 10 நாளாவது விட்டு, அடுத்த டோஸுக்கு நெருக்கமாக எடுக்கலாம். வெள்ளை அணு ஏற்றும் ஊசி போட்டிருந்தால் எலும்பு மஜ்ஜை முழுக்க ஒளிரும். இரண்டு வாரம் விட்டு எடுங்கள், போட்ட தேதியையும் சொல்லுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்திருக்கிறேன். பெட்-எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எடுத்தபின் தூக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பேஸ்மேக்கரோடு தந்த அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற வகை என்று அதில் இருந்தால், இதய மருத்துவர் பார்த்துச் சரிசெய்து எடுக்கலாம். இல்லையென்றால் பெட்-சி.டி.தான். மூளை ரத்தநாளக் கிளிப், காதுக்குள் வைத்த கருவி, பட்டறை வேலையில் கண்ணுக்குள் தெறித்த இரும்புத் துகள் எதுவும் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மூடிய இடத்தில் பயம் என்றால் அதையும் சொல்லுங்கள்: பெட்-எம்.ஆர்.ஐ.யின் குழல் 60 செ.மீ. அகலம், பெட்-சி.டி.யில் பொதுவாக 70 செ.மீ., உள்ளே இருக்கும் நேரமும் சுமார் 20 நிமிடம்தான்.

தாலிக்கொடியையும் மெட்டியையும் கழற்றச் சொல்லும்போது பலர் மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொண்டு வருகிறார்கள். நல்லதுதான், ஆனால் அந்தக் கயிற்றில் கோத்த ஊக்கு இரும்பு. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஊக்கை இழுத்துப் பறக்கவிடும். அதை எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். அரைஞாண், தாயத்து, கொண்டை ஊசியும் அப்படித்தான்.

குழந்தை விஷயம்: ஃபுளோரின்-18 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். காலை 9 மணிக்கு ஊசி போட்டால் இரவு 8 மணிக்கு 64-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். அதிலும் ஒரு பகுதி சிறுநீரில் போயிருக்கும். அன்று பகல் முழுக்கக் குழந்தையை வேறு யாராவது தூக்கட்டும். கர்ப்பிணிகளும் தள்ளி இருக்கட்டும். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். மறுநாள் காலையில் குழந்தையை அள்ளிக் கொஞ்சலாம்.

எந்த ஸ்கேன் எடுத்தாலும் பிரிண்ட் எடுத்த நாலு படத்தோடு திரும்பாதீர்கள். முழுப் படங்களும் பதிந்த குறுந்தகட்டைக் கேட்டு வாங்குங்கள். அன்றைய சுகர், எடை, போட்ட மருந்தின் அளவு, ஊசி போட்ட நேரம், படம் எடுத்த நேரம் ஐந்தும் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டுப் பெறுவது சிரமம்.